எச்சரிக்கை நிறமும் அதன் எல்லையும்

அடையாளம் என்பது வேறுபடுத்திக் காட்டுவது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாத அடையாளம், அடையாளம் ஆகாது. யாவரும் அறிந்த உண்மைதான் இது. ஆயினும், எளிய உண்மைகளே எளிதில் மறக்கப்படுகின்றன. அவ்வாறு நம் காலத்தில் மறக்கப்பட்டுவரும் இவ்வுண்மையை, நான் நாள்தோறும் நடமாடும் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் கொண்டே விளக்க விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவம் அன்று, ஒரு சட்டை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்திலோ, பச்சை கலந்த மஞ்சள் நிறத்திலோ, வெள்ளிப்பட்டை தைத்து, கையில்லாமல், மேலுக்கு மேலாக மாட்டிக்கொள்கிறார்களே, அந்த ஒளிரும் சட்டை. ‘ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்’ என்பது அதற்கு மக்கள் வழங்கும் பெயர்.

இச்சட்டை புதியது, இதன் பின்னால் உள்ள எண்ணம் மிகப் பழையது. ஆபத்து நேரும் இடத்தில், ‘நான் இன்னான், இன்ன செயலில் இருக்கிறேன்’ என்று உடலிலேயே அறிவித்துக்கொள்வது தமிழர்க்குப் பழக்கமான முறை. புறத்திணை இலக்கணம் பயின்றவர்கள் இதனை அறிவார்கள். ஆநிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர். மீட்கச் செல்வோர் கரந்தை சூடினர். மண்ணை விரும்பிப் படையெடுப்போர்க்கு வஞ்சி, மதிலை முற்றுவோர்க்கு உழிஞை, மதிலைக் காப்போர்க்கு நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை. ஒரு செயலுக்கு ஒரு பூ. அச்செயல் இல்லாதபோது அப்பூவும் இல்லை. இவை தவிர, மூவேந்தர்க்கும் தனித்தனியே அடையாளப் பூக்கள் இருந்தன. சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி.

இந்த ஆத்தி மாலையைப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு நம் ஊரைச் சேர்ந்தது. இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், சங்க காலத்தில் சோழர் தலைநகரம். அந்நகரை நலங்கிள்ளி என்ற சோழன் முற்றுகையிட்டான். உள்ளே கதவடைத்திருந்தவன் நெடுங்கிள்ளி என்ற சோழன். புலவர் கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. எதிர்த்து நிற்பவன் சூடியிருப்பதும் ஆத்தி, உன் மாலையும் ஆத்தி. உங்களுள் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அப்புலவர் எடுத்துக்காட்டும் கருத்து. அவர் நோக்கம் போரை நிறுத்துவது. எனினும், அடையாளத்தின் இயல்பைப் பற்றிய ஒரு பாடமும் அதிலிருந்து நமக்குக் கிடைக்கிறது. இரு தரப்பாரும் ஒரே பூவைச் சூடினால், அந்தப் பூவைப் பார்த்து எவனையும் இன்னான் என்று அறிய இயலாது. பூ வாடவில்லை, அதன் பொருள்தான் வாடிவிட்டது.

நிற்க. இனி, நாம் வாழும் காலத்தை நெருங்கி வருவோம். ஆபத்தை நிறத்தால் அறிவிக்கும் கலையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது ரயில். திருச்சியின் அண்மைக்கால வரலாறு பெரிதும் ரயிலின் வரலாறே. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862-இல் திருச்சியை அடைந்தது. 1874-இல் தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்த ரயில் தொழிற்சாலை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. பொன்மலை ஊழியர் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் என் வகுப்புகளில் இருந்தார்கள். செங்கொடிக்கும் பச்சைக்கொடிக்கும் பொருள் கூறுமாறு கேட்டால், பாடப்புத்தகம் சொல்வதைக் காட்டிலும் நுட்பமாக அவர்கள் சொல்வார்கள்.

ரயில்வேயின் நிறங்கள் தொடக்கத்தில் இன்றுள்ளவாறு இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் சிவப்பு ஆபத்துக்கும், பச்சை எச்சரிக்கைக்கும், வெள்ளை ‘வழி தெளிவு’ என்பதற்கும் அடையாளமாக இருந்தன. பின்னர் வெள்ளை கைவிடப்பட்டது. பச்சை அதன் இடத்துக்கு வந்தது. எச்சரிக்கைக்கு மஞ்சள் வந்தது. வெள்ளையைக் கைவிட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால், உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். ‘நில்’ என்று சொல்ல வேண்டிய கம்பம் ‘செல்’ என்று சொல்லிவிடும். இது ஒரு காரணம். மற்றொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஊர்கள் வளர்ந்தன. தெருவிலும் வீட்டிலும் கடையிலும் வெள்ளை விளக்குகள் பெருகின. ஓட்டுநர் இருளில் காணும் வெள்ளை ஒளி, கைகாட்டியின் ஒளியா, பக்கத்துத் தெருவின் ஒளியா என்று தெளிய முடியாத நிலை வந்தது. வெள்ளை விளக்கின் ஒளி குன்றவில்லை. எங்கும் இருந்ததனால் அது பயனற்றுப் போயிற்று.

தண்டவாளத்தில் பழுது பார்க்கும் தொழிலாளரைக் காப்பதற்கு ரயில்வே வகுத்துள்ள முறையையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். பாதையில் தடை இருக்குமாயின், அகலப் பாதையில் தடைக்கு 600 மீட்டர் முன்னதாக ஒரு வெடி, 1,200 மீட்டர் முன்னதாகப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகள் என, சக்கரம் ஏறினால் ஓசையிடும் வெடிகளைத் தண்டவாளத்தின்மேல் பொருத்த வேண்டும் என்பது விதி. பகலில் செங்கொடி, இரவில் சிவப்பு விளக்கு. இம்முறையின் அழகு எதில் இருக்கிறது? வேலை செய்பவன் தன் உடலை விளம்பரப்படுத்திக்கொண்டு உயிர் பிழைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ரயில் அவனை அடைவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே அதனை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்கிறது. காப்பது முறை, சட்டை அன்று.

எச்சரிக்கை கிடைக்காமல் போனால் என்ன நேரும் என்பதற்குத் திருவரங்கத்தின் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பாதையே சான்று. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலம் நிலைகுலைந்தது. தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 2024 பிப்ரவரியில் தென்காசி மாவட்டத்தில் நடந்தது. புளியரை அருகே நள்ளிரவுக்குப் பின் ஒரு சரக்கு லாரி சாலையிலிருந்து உருண்டு இருப்புப்பாதையில் விழுந்தது. அருகில் குடியிருந்த முதிய தம்பதியர் ஓசை கேட்டு எழுந்து ஓடினர். கைவிளக்கை அசைத்துக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினர். அவர்கள் அணிந்திருந்தது வீட்டில் உடுத்தும் உடை. அவர்கள் கையில் இருந்தது ஒரு சிறு விளக்கு. ஆயினும் அந்த இருளில் அசைந்த ஒளி அது ஒன்றே. ஆகவே ஓட்டுநர் கண்ணில் அது பட்டது.

மலைக்கோட்டையில் கார்த்திகைத் திருநாளன்று ஏற்றும் பெருந்தீபத்தையும் இங்கே நினைக்கலாம். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்து வீட்டு மாடிகளிலிருந்தும் அதைக் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் உயரத்தில், ஒரு சுடர். அதனாலேயே ஊர் முழுவதும் நிமிர்ந்து பார்க்கிறது.

இனி, சட்டையின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பாப் ஸ்விட்சர் என்ற இளைஞர் 1933-இல் வேலை செய்யும் இடத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். பார்வைக்கு ஓய்வு தருவதற்காக இருட்டறையில் இருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அவரும், மாயவித்தையில் விருப்பம் கொண்ட அவர் சகோதரர் ஜோசப்பும், புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் பொருள்களைத் தேடத் தொடங்கினர். தந்தையின் மருந்துக்கடையிலேயே சிலவற்றைக் கண்டெடுத்தனர். அம்முயற்சி வளர்ந்து, பகல் வெளிச்சத்திலேயே ஒளிரும் சாயங்களாகக் கனிந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் தொலைவிலிருந்து சைகை காட்ட அச்சாயமிட்ட துணிகளைப் பயன்படுத்தினர்.

இச்சாயங்கள் வேலை செய்யும் முறை எளியது. சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. ஒளிரும் சாயமோ, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களையும் உட்கொண்டு, அவற்றைப் புலப்படும் ஒளியாக மாற்றி வெளியிடுகிறது. அதனால், தன்மேல் விழுந்ததைவிட மிகுந்த ஒளியைத் தருவதுபோல் தோன்றுகிறது. விடியலிலும் அந்தியிலும் மேகம் மூடிய பொழுதிலும் இது நன்கு பயன்படும். இருட்டிய பிறகு இதனால் பயனில்லை. இருளுக்கு வேண்டியது அந்த வெள்ளிப்பட்டை. அதில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்துள்ளன. வண்டியின் முகப்பு விளக்கிலிருந்து வரும் ஒளியை, வந்த திசையிலேயே அவை திருப்பி அனுப்புகின்றன. ஆகவே ஓட்டுநர் கண்ணுக்குப் பட்டை பளிச்சிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது சாம்பல் நிறத் துணியே. சாயம் பகலுக்கு, பட்டை இரவுக்கு என்று இரண்டும் தனித்தனி வேலை பார்க்கின்றன.

இவ்வகை ஆடையை முதன்முதலாக ரயில் தொழிலாளர்க்கு முறையாக அளித்துச் சோதித்தவர்கள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருப்புப்பாதை நடத்தியவர்கள். ஆண்டு 1964. காரணம் சிந்திக்கத்தக்கது. அப்பகுதியில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நீராவி வண்டி புகையும் ஓசையுமாகத் தன் வரவைத் தானே பறையறைந்து வரும். மின்சார வண்டியோ விரைவாகவும் ஓசை குறைந்தும் வரும். குனிந்து வேலை செய்பவன் வண்டியைக் கேட்பதற்கு முன் வண்டி ஓட்டுபவனாவது அவனைக் காண வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடம், ஒரு குறிப்பிட்ட ஆபத்து, அதற்கென ஒரு குறிப்பிட்ட ஆடை. வெட்சிக்கும் கரந்தைக்கும் இருந்த ஒழுங்கு இதற்கும் இருந்தது.

பின்பு என்ன ஆயிற்று? பிரிட்டனில் 1974-இல் தொழிலிடப் பாதுகாப்புக்கான பெருஞ்சட்டம் வந்தது. 1990-களில் ஐரோப்பா முழுவதற்கும் இவ்வாடைக்குத் தர அளவு வகுத்தார்கள். எத்தனை முறை துவைத்த பின்னும் நிறம் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். நம் நாட்டிலும் இதற்குத் தர அளவு உண்டு. ஆனால், ஆடை மலிவானதும் அளவு மறைந்தது. தண்டவாளத்திலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து கடைவாசலுக்கும், கடைவாசலிலிருந்து மண்டபத்துக்குள்ளும் அது நுழைந்துவிட்டது.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மலைக்கோட்டை வாசல் வரை ஒரு மாலைப்பொழுதில் நடந்து பாருங்கள். போக்குவரத்துக் காவலர் அணிந்திருக்கிறார், சரியே. துப்புரவுப் பணியாளர் அணிந்திருக்கிறார், சரியே. அடுத்து, வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர் அணிந்திருக்கிறார். துணிக்கடையின் வாசலில் வாடிக்கையாளரை உள்ளே அழைப்பவர் அணிந்திருக்கிறார். நகைக்கடையில், பகல்போல் விளக்கெரியும் கூடத்தின் நடுவே, வண்டியே நுழைய முடியாத இடத்தில், காவலாளி அணிந்திருக்கிறார். கல்யாண மண்டபத்து வாசலிலும், மருத்துவமனையின் மின்தூக்கி அருகிலும், பள்ளி விளையாட்டு விழாவிலும் அதே சட்டை. விளம்பரம் அச்சிட்ட சட்டையும் உண்டு. அதில் வெள்ளிப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் கடையின் பெயர் இருக்கும். இவர்களுள் எவரையும் நான் குறைகூறவில்லை. கொடுத்ததை அணிந்துகொண்டு வெயிலில் நிற்கிறார்கள். காற்றுப் புகாத அந்தத் துணியைத் திருச்சியின் சித்திரை வெயிலில் சட்டைக்கு மேல் சட்டையாக அணிவது எளிய தண்டனை அன்று. ஏன் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

இவ்வழக்கத்தால் விளையும் தீமைகள் மூன்று என எண்ணுகிறேன்.

முதல் தீமை, அடையாளம் கரைந்துபோவது. ஆசிரியர் தொழிலில் இருந்தவர்கள் இதனை உடனே உணர்வார்கள். மாணவன் பாடப்புத்தகத்தில் முக்கியமான வரியின்கீழ் கோடு இடுகிறான். அடுத்த வரியும் முக்கியமாகத் தோன்றுகிறது. அதற்கும் ஒரு கோடு. பக்கம் முழுவதும் கோடிட்டு முடித்த பிறகு, கோடிடாத புத்தகத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. படிப்பதற்குத்தான் சற்று இடைஞ்சல். விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையும் அப்படியே. தாள் முழுவதும் சிவந்திருந்தால் மாணவன் எந்தப் பிழையையும் பார்ப்பதில்லை. மனிதனுடைய கண் நிறத்தைத் தேடுவதில்லை, வேறுபாட்டைத் தேடுகிறது. சமயபுரத்துப் பூச்சொரிதல் காலத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். திருச்சியிலிருந்து கொள்ளிடம் தாண்டி மஞ்சள் உடுத்த அடியவர்கள் ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். அவ்வெள்ளத்தின் நடுவே மஞ்சள் சட்டை அணிந்து வழிவிடச் சொல்லும் காவலரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வெள்ளைச் சீருடை மட்டும் அணிந்திருந்தால் அவர் தனித்துத் தெரிந்திருப்பார். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியின்போதும், சொர்க்கவாசல் திறக்கும் விடியலில், காவலர், தொண்டர், துப்புரவாளர், கடைக்காரரின் ஆள் என எல்லாரும் ஒரே சட்டையில் நின்றால், குழந்தையைத் தவறவிட்ட தாய் எவரிடம் ஓடுவாள்?

இரண்டாம் தீமை, அணிந்தவனுக்கு இல்லாத அதிகாரம் வந்துவிடுவது. ஒளிரும் சட்டையைக் கண்டால் நாம் கேள்வி கேட்பதில்லை. கை காட்டினால் வண்டியை நிறுத்துகிறோம். சீட்டு நீட்டினால் பணம் கொடுக்கிறோம். ஒருமுறை, தெருவோரத்தில் வண்டியை நிறுத்தியதற்காக இத்தகைய சட்டை அணிந்த ஒருவர் என்னிடம் பணம் கேட்டார். எந்த அலுவலகம் உங்களை நியமித்தது என்று வினவினேன். தம் சட்டையைத் தொட்டுக் காட்டினார். அதுவே அவருடைய நியமன ஆணை! பாதுகாப்புக்கென வந்த ஆடை, பத்திரம் இல்லாத முத்திரையாகிவிட்டது. பொய்யாக அதை அணிபவன் ஒருவன் பெருகினால், மெய்யாகவே ஆபத்தை அறிவிக்க அதை அணிந்து கை உயர்த்துபவனை ஒரு நாள் யாரும் நம்பமாட்டார்கள். ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனின் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே, நாமே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் தீமையே கொடியது. சட்டை கொடுத்தாயிற்று என்பதனால் கடமை முடிந்தது என்று கொடுத்தவர் அமைதி அடைந்துவிடுகிறார். தொழிலிடப் பாதுகாப்பு அறிஞர்கள் வகுத்த வரிசை ஒன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. முதலில் ஆபத்தையே நீக்கு. இயலாவிடில் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வை. பிறகு தடுப்பும் பொறியும் அமைத்து மனிதனை ஆபத்திலிருந்து பிரித்து வை. பிறகு வேலை முறையைத் திருத்து. இவ்வளவுக்கும் பின்னரே, கடைசியாக, உடலில் அணியும் கவசம். நடைமுறையிலோ கடைசிப் படியே முதற்படியாகிவிட்டது. அதற்குக் காரணம், அது மலிவானது. மேலும், பார்ப்பவர் கண்ணுக்கு உடனே தெரிவது.

துப்புரவுப் பணியை எடுத்துக்கொள்வோம். 1994-இல் திருச்சி மாநகராட்சி உருவானபோது திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதனுடன் இணைந்தன. அன்று முதல் இப்பெருநகரின் கழிவை அகற்றுவோர், விடியலுக்கு முன்னரே வீதிக்கு வருவோர். அவர்களுக்கு ஒளிரும் சட்டை வேண்டும், ஐயமில்லை. ஆனால் அது மட்டும் போதுமா? மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகளில், தவிர்க்க இயலாத நிலையில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்குவோர்க்குத் தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களின் நீண்ட பட்டியல் உண்டு. மூச்சுக்கருவி, நச்சுவாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் பொறி, உடல் முழுவதையும் தாங்கும் கச்சை, கயிற்றேணி, கையுறை, முழங்கால் அளவுக் காலணி எனச் செல்லும் அப்பட்டியலில் ஒளிரும் சட்டையும் ஒன்று. ஒன்றே ஒன்று. அத்தனை சாதனங்களில் எது எப்போதும் நம் கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழிக்குள் இருக்கும் நச்சுவாயு சட்டையின் நிறத்தைப் பார்த்து விலகுவதில்லை. அவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. சட்டம் வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகும் இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை இருந்தது என்பதே வருந்தத்தக்க செய்தி.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. சட்டை அணிவது வழக்கமாகிவிட்டால், அணியாதவன்மேல் பழி விழுகிறது. வண்டி மோதி ஒருவர் வீழ்ந்தால், ‘அவர் ஏன் பளிச்சென்று உடுத்தவில்லை?’ என்ற கேள்வி எழுகிறது. ஓட்டியவர் ஏன் பார்க்கவில்லை, சாலையில் ஏன் விளக்கில்லை, நடப்போர்க்கு ஏன் தனி வழியில்லை என்ற கேள்விகள் பின்னுக்குப் போகின்றன. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர் என்பவரும் அவர் துணைவரும் செய்த ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. மிதிவண்டி ஓட்டுபவர் வெவ்வேறு மேலாடைகளை அணிந்து செல்லும்போது, கடந்து செல்லும் வண்டிகள் எவ்வளவு இடைவெளி விடுகின்றன என்று அளந்தார்கள். ஒளிரும் நிறம் மட்டும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ‘போலீஸ்’ என்ற சொல்லும், படம் பிடிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையும் எழுதிய ஆடை அணிந்தபோதுதான் இடைவெளி சற்றுக் கூடிற்று. கண்ணுக்குத் தெரிவது வேறு. கருத்தில் கொள்ளப்படுவது வேறு.

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 6,700-க்கு மேற்பட்ட மிதிவண்டியாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அதில் ஒளிரும் மஞ்சள் மேலாடை அணிந்தவர்களுக்குப் பிற வண்டிகளோடு மோதிக் காயமுறும் நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. ஆகவே, இந்த ஆடை பயனற்றது என்று எவரும் சொல்லக்கூடாது. உரிய இடத்தில் அது உயிர் காக்கும். அதனாலேயே உரியதல்லாத இடத்தில் அதை வீணாக்கக்கூடாது என்கிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி அமிர்தத்தை இகழ்வதற்காகப் பிறந்ததன்று.

உரிய இடம் எது என்பதற்கு நம் பகுதியிலேயே துயரமான சான்று உண்டு. 2024 ஜூலையில், சமயபுரத்துக்குப் பாதயாத்திரையாக நடந்துவந்த அடியவர்கள்மேல், திருச்சி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, விடியற்காலையில் ஒரு சரக்கு வண்டி மோதிற்று. ஐவர் உயிரிழந்தனர். அதுபோன்ற சாலையில், அதுபோன்ற வேளையில் நடப்பவனுக்கே ஒளிரும் பட்டை வேண்டும். பாதயாத்திரை செல்வோரின் பைகளில் காவலர் ஒளிரும் வில்லைகளை ஒட்டி அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது, போற்றத்தக்க வழக்கம். கடையின் உள்ளே குளிர்காற்றில் நிற்பவருக்கு அளித்த சட்டையை நெடுஞ்சாலையின் இருளில் நடப்பவர்க்கு அளித்திருந்தால் அது தன் பிறவிப் பயனை அடைந்திருக்கும். அதைவிடவும் சிறந்தது, நடப்போர்க்கெனச் சாலையோரத்தில் தனிப் பாதை அமைப்பது.

பிரான்சு நாட்டின் அனுபவம் வேறு வகையில் சிந்திக்க வைக்கிறது. அந்நாட்டில் ஒவ்வொரு காரிலும் ஒரு மஞ்சள் மேலாடை வைத்திருக்க வேண்டும் என்று 2008-இல் விதி செய்தார்கள். வண்டி வழியில் பழுதாகி நிற்கும்போது அணிந்துகொள்வதற்காக. பத்தாண்டுகள் கழித்து, 2018 நவம்பரில், எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தபோது எல்லாரும் அந்த ஆடையையே அணிந்து வந்தார்கள். எல்லார் கையிலும் அது இருந்தது என்பது மட்டும் காரணம் அன்று. ‘நாங்கள் வண்டியோடு வழியில் நின்றுவிட்டோம், எங்களை யாரும் பார்ப்பதில்லை’ என்று சொல்ல அவர்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது. அந்த ஆடைக்கு இன்னும் பொருள் மிஞ்சியிருந்தது என்பதை அப்போராட்டம் காட்டியது. பார்க்கப்படாதவன் ‘என்னைப் பார்’ என்று கேட்பதே அதன் பொருள்.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. ஒரு நிறுவனம் தன் ஆளுக்கு ஒளிரும் சட்டை கொடுக்குமுன், எந்த வண்டி எந்தத் திசையிலிருந்து வந்து இவரை மோதக்கூடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை இல்லையாயின் சட்டையும் வேண்டா; பெயர் பொறித்த சாதாரணச் சீருடை போதும். திருவிழாக்களில் காவலர்க்கு ஒன்று, மருத்துவ உதவியாளர்க்கு ஒன்று, தொண்டர்க்கு ஒன்று என நிறங்களைப் பிரித்து, மக்களுக்கு முன்னரே அறிவிக்கலாம். அவ்வூரின் அவ்விழாவில் மக்கள் உடுத்தும் நிறம் எதுவோ, அதற்கு மாறான நிறத்தைத் தேர வேண்டும். சாயம் வெளுத்துப் பட்டை உரிந்த சட்டையை மாற்ற வேண்டும். அது அணிந்தவனுக்குப் பொய்த் துணிவைத் தருவதன்றி வேறொன்றும் செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டைக்குச் செலவிடுவதற்கு முன் தடுப்புக்கும் விளக்குக்கும் நடைபாதைக்கும் மூச்சுக்கருவிக்கும் செலவிட வேண்டும்.

விடியலுக்கு முன் சித்திரை வீதியைப் பெருக்கும் பெண்மணியும், கொள்ளிடம் பாலத்தின்மேல் தண்டவாளத் திருகுகளைச் சோதித்து நடக்கும் தொழிலாளியும் ஒளிரும் சட்டை அணிந்துதான் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது அலங்காரம் அன்று. வேறொருவர் தம் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு விடுக்கும் வேண்டுகோள். அந்த வேண்டுகோள் அவர்கள் கண்ணில் படவேண்டுமானால், தேவையில்லாத மற்றவர்கள் அதைக் கழற்றிவைக்க வேண்டும்.